உப்பு விளையும் கரையில் குப்பை

(ஆனையிறவில் ஊர்மக்கள் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிரதேச சபையிலிருந்து வந்திருக்கும் சுகாதாரத் தொழிலாளர்களை முன்வரிசையில் இருத்தியிருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. குப்பையைப் பற்றி நடக்கிற கூட்டங்களில் அவர்கள் வழக்கமாகக் கதிரை அடுக்குவார்கள். பேச்சு முடிந்ததும் தேநீர்க் கோப்பைகளைப் பொறுக்குவார்கள். இன்றைக்கு நான் சொல்லப்போவதில் பாதி அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

2025 மார்ச்சில் எங்கள் உப்பளத்தின் புதிய தொழிற்சாலையைத் திறந்தபோது, பைக்கற்றில் ‘ரஜ லுணு’ என்று சிங்களப் பெயர் போட்டிருந்ததைப் பார்த்து எவ்வளவு கோபப்பட்டோம்! ஆனையிறவு உப்பு ஆனையிறவு உப்பு என்ற பெயரிலேயே வரவேண்டும் என்று பத்திரிகையில் எழுதினோம், பாராளுமன்றம்வரை பேசினோம். நியாயமான கோபம். நானும் அந்தப் பக்கந்தான். ஆனால் அந்த உப்பு விளைகிற தண்ணீருக்குள் நாங்கள் என்னென்ன போடுகிறோம் என்று கேட்டு ஒருவரும் பதாகை பிடித்ததை நான் காணவில்லை. பெயருக்கு வந்த ரோசம் தண்ணீருக்கு வரவில்லை.

உப்பு எப்படி விளைகிறது என்பதை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்களில் சிலருடைய தகப்பன்மாரும் பாட்டன்மாரும் 1990 இல் சண்டையோடு உப்பளம் மூடுண்டு போகும்வரை அந்தப் பாத்திகளில் நின்றவர்கள். களப்புத் தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலிலும் சோளகக் காற்றிலும் வற்றவிட்டு, கடைசிப் பாத்தியில் உப்பை வாருகிறோம். வற்றுவது தண்ணீர் மட்டுந்தான். தண்ணீரோடு வந்த வேறு எது இருந்தாலும் அது உப்போடுதான் நிற்கும். 2018 இல் தென்கொரிய ஆய்வாளர்களும் கிறீன்பீஸ் அமைப்பும் 21 நாடுகளின் 39 வகை உப்பைச் சோதித்தார்கள். 36 இல் நுண்பிளாஸ்ரிக் இருந்தது. ஆனையிறவு உப்பின் மேல் நான் பழி சொல்லவில்லை. தயவுசெய்து நாளைக்கு அப்படி யாரும் கதை கட்டிவிடாதீர்கள். எங்கள் உப்பு அந்த 36 இன் பக்கம் போகாமல் பார்ப்பது எங்கள் கையிலும் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

ஒரு சொப்பின் பை எப்படி நுண்பிளாஸ்ரிக் ஆகிறது? அதற்குப் பெரிய இரசாயனம் தேவையில்லை. இந்த வெயிலில் சில மாதம் வேலிக் கம்பியில் தொங்கவிடுங்கள். பிறகு கையால் தொட்டுப் பாருங்கள். அப்பளம்போல நொருங்கும். நொருங்கின துண்டு இன்னும் நொருங்கும், கண்ணுக்குத் தெரியாமல் போகும், இல்லாமல் போகாது. வைகாசியிலிருந்து புரட்டாதிவரை சோளகம் அடிக்கிற வெளி இது. உப்பை விளைவிக்கிற அதே காற்றுத்தான் ஏ-9 வீதியோரத்துப் பைகளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பாத்தி வரம்பில் போடுகிறது.

காற்று ஒரு பக்கம் என்றால் தண்ணீர் இன்னொரு பக்கம். கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்திலிருந்து வந்து இரணைமடுவை நிறைத்து, மிஞ்சினது வயலும் பற்றையும் கடந்து ஆனையிறவுக் களப்பில் வந்து விழுகிறது. பொறியியலாளர் ஆறுமுகம் இந்தக் களப்பை நன்னீராக்கி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகலாம் என்று 1950களில் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்ற திட்டத்தை எழுதியதும் இந்த ஆற்றை நம்பித்தான். அந்தத் திட்டம் முழுதாக நிறைவேறவில்லை. ஆனால் ஆறு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. வன்னியில் வயற்கரையில் வீசின களைகொல்லிப் போத்தலும், வாய்க்காலில் விட்ட பம்பஸும் கடைசியில் எங்கே வந்து சேரும் என்று நினைக்கிறீர்கள்? 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகளைத் திறந்து கிளிநொச்சி வெள்ளத்தில் கிடந்ததே, அந்த வெள்ளம் ஊரைக் கழுவிக்கொண்டுதான் இந்தப் பக்கம் வந்தது. களப்பின் கிழக்குப் பக்கம் சுண்டிக்குளம். 1938 இலிருந்து பறவைகள் சரணாலயம், 2015 இலிருந்து தேசியப் பூங்கா. பூநாரைகள் அங்கே சேற்றை அரித்துத்தான் இரை எடுக்கின்றன. அந்தச் சேற்றில் என்ன இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது.

சுற்றுலாப் பேருந்துகளைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். தெற்கிலிருந்து வருகிறவர்கள் போர் நினைவுச் சின்னத்தடியிலும் அங்கே நிறுத்தியிருக்கிற போர்க்காலக் கவச வாகனத்தடியிலும் இறங்கிப் படம் எடுத்து, சாப்பிட்டு, சோற்றுப் பார்சலின் தாளை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். உண்மை. அதைச் சொல்லிவிட்டு எங்கள் வளவுக்குள் திரும்பிப் பார்க்காமல் இருந்துவிடுவது சுகம். அந்தச் சுகத்தை இன்றைக்கு உங்களுக்குத் தரப்போவதில்லை.

இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆனையிறவுக்குத் தெற்கே கரைச்சிப் பிரதேச சபை. வடக்கே பச்சிலைப்பள்ளிப் பிரதேச சபை. வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. தண்டவாளத்தின் இரு கரையும் புகையிரதத் திணைக்களத்துடையது. உப்பளம் உப்புக் கம்பனியினது. கிழக்கே வனசீவராசிகள் திணைக்களம். இராணுவத்திடம் இருக்கிற காணி வேறு. ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் உறுதியோடு சொந்தக்காரர் இருக்கிறார். அதில் கிடக்கிற குப்பைக்கு மட்டும் ஒருவரும் சொந்தமில்லை.

இளம்பிள்ளைகளுக்காக ஒரு பழைய கதை. 1990 இல் பொருளாதாரத் தடை வந்தபோது வடக்குக்குள் வரக்கூடாத சாமான்களின் பட்டியலில் பற்றரி இருந்தது, சவர்க்காரம் இருந்தது, மெழுகுதிரி இருந்தது, மண்ணெண்ணெய் அருமையாக இருந்தது. அப்போது வெறும் ஜாம் போத்தல் ஒரு வீட்டின் சொத்து. அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் நனைகிற அளவுக்கு மண்ணெண்ணெய், மூடியில் ஓட்டை போட்டுச் சைக்கிள் வால்வுக் குழாய்க்குள்ளால் ஒரு நூல் திரி. அந்த வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். பழைய ரியூப் வாளிக்கு வாராகும். கொப்பியின் வெறும் பக்கங்களைக் கிழித்துத் தைத்து அடுத்த வருசத்துக்கு வைத்தோம். குப்பைக் கிடங்குக்குள் போனது சாம்பலும் சருகும்தான்.

அந்தக் காலத்தைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது சிக்கனம் அல்ல, இல்லாமை. பால்மா இல்லாமல் வளர்ந்த பிள்ளைக்குக் குப்பை குறைந்த நாடு என்று சான்றிதழ் கொடுப்பது அநியாயம். பாதை திறந்தது, சாமான் வந்தது, நல்லது. நான் சொல்லவருவது ஒன்றுதான்: பிரிக்கத் தெரியாத சனம் அல்ல நாங்கள். எது உக்கும், எது திரும்பப் பாவிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்ற மூன்றும் எங்களுக்குத் தெரிந்த விசயம். கடைசியாகச் சொன்னதை இந்த மண் எங்களுக்கு மிகக் கொடுமையாகப் படிப்பித்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது இந்தச் சாக்கை விரித்து ஒரு பையைக் கொட்டப்போகிறேன். முகம் சுளிக்காதீர்கள். எங்கள் வீட்டுப் பைதான். வாசலில் கட்டி வைத்ததை அப்படியே கொண்டுவந்தேன்.

பாருங்கள். தேங்காய்ச் சிரட்டை. வாழைக்காய்த் தோல், கீரைத் தண்டு, மீன் செதில், நேற்றைய சோறு. பால்மாப் பெட்டியும் உள்பையும். யோகட் கப். ஷாம்பு பைக்கற் நான்கைந்து, பல்லி வால்போல ஒன்றோடொன்று கொழுவியபடி. சோடாப் போத்தல். பனடோல் அட்டை, அதில் இரண்டு குளிசை மிச்சம். உடைந்த கிளாஸ். ரோச் லைற்றின் பற்றரி இரண்டு, வால் பக்கம் பச்சையாகக் கசிந்திருக்கிறது. பிள்ளையின் பம்பஸ் சுருட்டினது. இது உருகின மின்குமிழ்.

இந்தப் பையை எடைபோட்டால் பெரும்பங்கு இந்த ஈரந்தான்: தோல், தண்டு, செதில், சோறு. மற்றதையெல்லாம் கெடுப்பதும் இதுதான். சோற்றுத் தண்ணீர் பட்ட பேப்பரைப் பழைய பேப்பர்க்காரர் வாங்கமாட்டார். மீன் நாறுகிற போத்தலைக் கழுவத் தண்ணீர் வேண்டும். இங்கே நல்ல தண்ணீர் எவ்வளவு அருமை என்று உங்களுக்குத் தெரியும். இதே சாமான்களை ஈரம் சேராமல் தனித்தனியாக வைத்திருந்தால் சிரட்டை கரி சுடுகிறவனுக்குப் போயிருக்கும், போத்தலும் பெட்டியும் காசு, தோலும் செதிலும் தென்னைக்கு. சபைக்குக் கொடுக்க மிஞ்சுவது ஒரு கைப்பிடி. ஒன்றாகக் கட்டினதால் எல்லாம் குப்பை.

ஆகவே முதல் வேலை, உக்குகிறது வளவை விட்டுப் போகக்கூடாது. கொழும்பில் மாடி வீட்டில் இருக்கிறவனுக்கு இதைச் சொன்னால் சண்டைக்கு வருவான். உங்களுக்கு அந்தச் சாட்டு இல்லை. கால் ஏக்கர், அரை ஏக்கர் வளவு. பளைப் பக்கம் முழுக்கத் தென்னை. உப்புப் பிடித்த மணல் தரைக்குக் கூட்டெருவைப்போல நல்லது வேறில்லை. மண்ணுக்கு ஈரத்தைப் பிடிக்கும் பலம் வரும். நாலு கம்பு நட்டு வலை அடித்தால் போதும். ஈரக்கழிவு ஒரு படை, சருகு ஒரு படை, மேலே கொஞ்சம் மண் அல்லது சாணம். மீன் செதிலை ஆழமாகப் போடுங்கள். இல்லாவிட்டால் நாய் கிளறும். தேங்காய்மட்டையைத் தென்னையைச் சுற்றிக் கிடங்கு வெட்டித் தாழ்க்கும்படி தென்னை ஆராய்ச்சி நிறுவனமே சொல்கிறது. சபையின் உழவு இயந்திரம் டீசல் எரித்துக்கொண்டு வந்து உங்கள் வாழைத்தோலை ஏற்றிப்போவது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது, காய்ந்தது. போத்தல், ரின், பேப்பர், கட்டிப் பிளாஸ்ரிக். அரசாங்கம் ஐந்து நிறம் சொல்லியிருக்கிறது: உக்குவதற்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்ரிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்கு மண்ணிறம். பாடசாலைகளில் இந்த ஐந்து தொட்டியும் வரிசையாக நிற்கும். ஐந்துக்குள்ளும் சொக்லேட் உறைதான் கிடக்கும். வீட்டுக்கு ஐந்து தொட்டி வேண்டாம். ஒரு உரப்பை போதும். காய்ந்தது எல்லாம் அதற்குள். நிரம்ப மாதக்கணக்காகும். நாறாது.

உரப்பைக்குள்ளும் போகாத சாமான் உண்டு. ஷாம்பு பைக்கற் மாதிரிப் பல படை ஒட்டின தாளை யாரும் காசுக்கு எடுக்கமாட்டார்கள். அதற்குக் கடையில் வைத்தே முடிவெடுக்க வேண்டும். சட்டமும் இருக்கிறது. 2017 செப்ரெம்பரில் 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனையும் லஞ்ச் சீற்றையும் ரெஜிபோம் பெட்டியையும் தடைசெய்தார்கள். 2021 மார்ச் 31 இலிருந்து உணவும் மருந்தும் தவிர்ந்த சிறிய பைக்கற்றுகளுக்குத் தடை. 2023 ஒக்ரோபரில் உறிஞ்சுகுழாய், பிளாஸ்ரிக் கரண்டி, பிளாஸ்ரிக் மாலை, இடியப்பத் தட்டு. 2025 நவம்பரிலிருந்து கடைக்காரர் சொப்பின் பையைச் சும்மா தரக்கூடாது, விலை போட வேண்டும். எங்கள் கடைகளில் இவற்றில் எது இன்னும் தொங்குகிறது என்று போகும்போது நிமிர்ந்து பாருங்கள். இடியப்பத் தட்டுக்காக மட்டும் எனக்கு மனவருத்தம் இல்லை. பனையோலையும் பிரம்பும் இருக்கிற நாட்டில் அது வந்ததே பிழை.

பின்னாலிருந்து ஒரு அம்மா இப்போது சொன்னது எனக்கும் கேட்டது: “பிரிச்சு வைச்சாலும் அவங்கள் ஒண்டாய்த்தானே ஏத்திக்கொண்டு போறாங்கள், ஐயா!” இந்தக் கேள்விக்கு ஒளிக்கக்கூடாது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி தெருக் குப்பையையும் வீட்டுக் குப்பையையும் அகற்றுவது சபையின் கடமை. அதுமட்டுமல்ல, சேர்த்த குப்பை சபையின் சொத்து என்றும் அதே சட்டம் சொல்கிறது. சொத்தை ஒன்றாகக் கலந்து நாசமாக்க ஒரு சபைக்கும் உரிமை இல்லை. 2023 மார்ச்சோடு உள்ளூராட்சிச் சபைகள் கலைந்து இரண்டு வருசத்துக்கு மேலே செயலாளர்கள்தான் நடத்தினார்கள், கேட்க ஆளில்லை. 2025 மே 6 தேர்தலோடு உறுப்பினர்கள் வந்துவிட்டார்கள். எந்த நாள் வண்டி வரும், பெட்டியின் பக்கத்தில் காய்ந்ததுக்கென்று தனிச் சாக்குக் கட்டுவீர்களா, விற்ற போத்தலின் காசு எந்தக் கணக்கில் போகிறது என்று அவர்களிடம் கேளுங்கள். ஆனால் அம்மா, நீங்கள் பிரிக்காமல் வைத்துவிட்டு அவர்கள் கலக்கிறார்கள் என்று சொன்னால் அவர்களும் அதையேதான் உங்களைப் பார்த்துச் சொல்வார்கள். யாராவது ஒருவர் முதலில் தொடங்க வேண்டும். வீடு தொடங்கட்டும்.

நெருப்பைப் பற்றி இனிப் பேசவேண்டும். வண்டி வராத ஊரில் குப்பைக்கு முடிவு நெருப்புப்பெட்டி. பின்னேரம் கோடிப்பக்கத்தில் கூட்டிக் குவித்துக் கொளுத்திவிட்டால் வளவு துப்புரவு. புகை பக்கத்து வீட்டுக்குள் போகும். அந்த வீட்டில் இழுப்புக்காரப் பிள்ளை இருக்கும். பீ.வி.சி. குழாய், வயர், பழைய சப்பாத்து எரியும்போது டயொக்சின் என்ற நஞ்சு வரும்; அது புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியது, கொழுப்பில் படியும், தாய்ப்பாலுக்கும் போகும். செம்பு எடுக்க வயர் கொளுத்துகிறவர்களுக்கு நான் தனியாகவே சொல்கிறேன்: அந்தக் காசு அந்தப் புகைக்குப் பெறாது.

ஆனால் இந்த ஊரில் நெருப்புக்கு அஞ்ச வேறொரு காரணமும் உண்டு. 1991 இல் இந்த வெளியில் சண்டை. 2000 ஏப்பிரலில் சண்டை. 2009 தை மாதத்தில் சண்டை. முகமாலையில் மிதிவெடி அகற்றுகிறவர்கள் எத்தனை வருசம் நிலத்தோடு நிலமாகக் கிடந்து வேலை செய்தார்கள் என்று நீங்கள் பேருந்தில் போகும்போது கண்டிருப்பீர்கள். வளவில் குப்பைக்குத் தீ வைத்தபோது மண்ணுக்குள் கிடந்தது வெடித்து ஆட்கள் காயப்பட்ட செய்தி வன்னியில் புதிதல்ல. பழைய இரும்புக்காகத் தட்டிப் பார்த்துக் கை போன பிள்ளைகளும் உண்டு. உலகத்தில் பெரும்பாலான நகரசபைகளின் குப்பைக் கையேட்டில் இந்தப் பக்கம் இருக்காது. எங்களுடையதில் முதல் பக்கமாக இருக்க வேண்டும். குப்பைக் கிடங்கு வெட்டும்போதோ பற்றை துப்புரவாக்கும்போதோ துருப்பிடித்த ஏதாவது தட்டுப்பட்டால் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு வந்த வழியே விலகி வாருங்கள். கிராம அலுவலருக்குச் சொல்லுங்கள், அல்லது 119 இல் பொலிசுக்கு. பழைய இரும்பு வாங்க வருகிறவரிடம் காட்டாதீர்கள்.

ஆபத்தான கழிவில் இது தலையானது. மற்றவையும் உண்டு, அமைதியானவை என்பதால் நாங்கள் கணக்கெடுப்பதில்லை. சாக்கில் கிடக்கிற இந்தப் பற்றரி இரண்டும். ஓட்டோவின் பெரிய பற்றரிக்குள் ஈயம். ரெலிபோன் பற்றரி ஊதிப் பருத்துவிட்டால் அது குப்பை வண்டிக்குள் அமுங்கித் தீப்பிடிக்கும்; அப்படிப் பற்றி எரிந்த குப்பை வண்டிகள் பல நாடுகளில் உண்டு. சுருள் மின்குமிழுக்கும் ரியூப் லைற்றுக்கும் உள்ளே பாதரசம். உடைத்தால் அறைக்குள்ளேயே அது பரவும். யன்னலைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுக் கடதாசியால் கூட்டி எடுங்கள், தும்புத்தடியால் அல்ல. காலாவதியான குளிசைகளை மலசலகூடத்திலோ கிணற்றடியிலோ போடாதீர்கள். கிருமிநாசினிப் போத்தலைக் கழுவி மண்ணெண்ணெய் வாங்கப் பாவிக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. விட்டுவிடுங்கள். கழுவினாலும் போகாத மருந்து அது. அந்தப் போத்தலில் ஓட்டை போட்டு ஒருவரும் எடுத்துப் பாவிக்க முடியாதபடி செய்து தனியாக வையுங்கள்.

பம்பஸையும் மாதவிலக்குத் துவாயையும் பற்றிப் பேசத் தயங்குகிறோம். தயங்கினால் அதைக் கையால் எடுக்கிறவர் யார் என்று முன்வரிசையைப் பாருங்கள். இவற்றுக்குச் சுத்தமான விடை இன்னும் எங்கேயும் கிடைக்கவில்லை என்பதே என் எண்ணம். புனே நகரத்தில் குப்பை சேகரிக்கிறவர்களின் கூட்டுறவுச் சங்கமான ஸ்வச் 2017 இல் ஓர் எளிய வழி சொன்னது: கடதாசியில் சுற்றி அதன் மேல் சிவப்புப் புள்ளி ஒன்று போட்டுவிடுங்கள், எடுக்கிறவருக்கு உள்ளே என்னவென்று தெரியும். அவ்வளவுதான். ஒரு பேனையும் ஒரு பழைய பத்திரிகையும். உடைந்த கிளாஸுக்கும் இதே மரியாதை வேண்டும். மூடி கழன்ற பால்மா ரின்னுக்குள் போட்டு ‘கண்ணாடி’ என்று எழுதி வையுங்கள். சாக்குக்குள் கை விடுகிறவரின் விரலில் இரத்தம் வந்தால் அது யாருடைய வீட்டுக் கிளாஸ் என்று ஒருநாளும் தெரியப்போவதில்லை.

பிரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போகவேண்டாம். 2017 சித்திரை 14, புதுவருச நாள், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். அம்பாறைப் பள்ளக்காட்டில் குப்பைமேட்டைத் தேடிவந்து பிளாஸ்ரிக்கைத் தின்று எட்டு வருசத்தில் ஏறத்தாழ இருபது யானைகள் செத்தன. யாழ்ப்பாணத்துக் கல்லுண்டாயில் மேடு தீப்பிடிக்கிறபோதெல்லாம் சுற்றியுள்ள சனம் வீதிக்கு வருகிறது. அதற்கெல்லாம் காரணம், ஊர்க் குப்பையை ஒன்றாகக் கட்டி இன்னொருவன் வாசலில் கொட்டுவதுதான். கேரளத்து ஆலப்புழை நகரமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. 2012 இல், அந்தக் குப்பை கொட்டப்பட்ட சர்வோதயபுரத்துக் கிராமத்தவர்கள் வண்டிகளை மறித்தார்கள். இனி இங்கே வேண்டாம். நகரம் நாறியது. அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வீடு கூட்டெருக் குழாயும் உயிரியல் எரிவாயுக் கலனும் வந்தன. 2017 இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் அமைப்பு ஆலப்புழையை முன்மாதிரி நகரங்களில் ஒன்றாகக் காட்டியது. மறித்த கிராமத்துக்குத்தான் அந்தப் பாராட்டில் பெரும்பங்கு என்று நான் சொல்வேன்.

ஜப்பானில் கமிகாட்சு என்று ஒரு மலைக் கிராமம். 1,500 பேருக்கும் குறைவு. எங்களைவிடப் பெரிய ஊர் அல்ல. அவர்களும் முன்பு ஒரு பெரிய கிடங்கில் குப்பையைப் போட்டுத் திறந்தவெளியில் எரித்தவர்கள்தான். டயொக்சின் சட்டம் வந்து எரிப்பதை நிறுத்தியபின் 2003 இல் குப்பையே இல்லாத ஊராவோம் என்று தீர்மானம் போட்டார்கள். வண்டி கிடையாது. ஒவ்வொரு வீட்டாரும் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்து நாற்பதுக்கு மேற்பட்ட வகையாகப் பிரித்துப் போடுகிறார்கள். 2020 க்குள் முழுதாக முடிப்போம் என்றார்கள், முடியவில்லை. நூற்றுக்கு எண்பதில் நிற்கிறது. அந்த எண்பதே பெரிது. அத்தனை வகை எங்களுக்கு வேண்டாம். நான்கு போதும்: உக்குவது, காய்ந்தது, கடதாசியில் சுற்றினது, ஆபத்தானது.

ஆபத்தானதைச் சேர்த்து வைத்தால் கொண்டுபோக வழி வேண்டும் அல்லவா? அதைத்தான் இரண்டு சபைகளிடமும் கேட்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முன்கூட்டி அறிவித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசிகசாலையடியில் சபையின் வண்டி நிற்கட்டும். பற்றரி, மின்குமிழ், பழைய ரெலிபோன், மருந்து, கிருமிநாசினிப் போத்தல் மட்டும் வாங்கட்டும். வேறு ஒன்றும் வாங்கவேண்டாம். வாங்கினதை மத்திய சுற்றாடல் அதிகார சபை அனுமதித்த இடத்துக்குக் கொடுக்கட்டும். வாங்குகிற தொழிலாளருக்குத் தடித்த கையுறையும் பூட்சும் கொடுத்தபின்தான் வேலைக்கு விட வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அன்றைக்கு அங்கே இருந்தால் இன்னும் நல்லது. நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தை எடுத்துக்கொண்டு யோகட் கப்புக்கு வழக்குப் போட வருகிற அதே ஆள் இதற்கும் ஒருநாள் வரலாம். எல்லை யாருடையது என்ற சண்டையை இரண்டு தவிசாளரும் ஒரு மேசையில் இருந்து தீர்க்கட்டும். குப்பை எல்லையைக் கடக்கும்போது எந்தச் சபை என்று கேட்டுக் கடப்பதில்லை.

இதை எழுத்தில் கேட்க ஒரு மனு எழுதியிருக்கிறோம். ஒரு பிரதி கரைச்சிக்கு, ஒரு பிரதி பச்சிலைப்பள்ளிக்கு. வாசலடியில் மேசையில் இருக்கிறது. வாசித்துப் பார்த்து, சரியென்று பட்டால் பெயரெழுதிக் கையெழுத்து வையுங்கள். வீட்டுக்குப் போனதும் பற்றரிக்கு ஒரு வெறும் போத்தலும் உடைந்த கண்ணாடிக்கு ஒரு ரின்னும் எடுத்து வையுங்கள். இன்றைக்குப் பின்னேரம் கோடிப்பக்கத்துக் குவியலுக்கு நெருப்பு வைக்காதீர்கள்.